காற்றில் சுற்றும் சக்கரம் தரையில் ஏன் சுற்றவில்லை?

அண்ணன் மகனுக்கு ஐந்து வயது. அவன் உட்கார்ந்து ஓட்டும் சிவப்புப் பொம்மை ஜீப் ஒரு மாதத்துக்கும் மேலாக வாசல் ஷெட்டில் பழைய பெட்ஷீட் போர்த்திக் கிடந்தது. 12 வோல்ட் பேட்டரி, பின்பக்கம் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு மோட்டார், ரிமோட், பாட்டு, முன்விளக்கு எல்லாம் உள்ள வண்டி. அம்பத்தூரில் அண்ணன் வீடும் எங்கள் வீடும் ஒரே தெரு. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "அத்தை, வண்டி எப்போ ஓடும்?" என்று கேட்பான். பத்து வருடம் யூ.பி.எஸ். சர்வீஸில் இருந்தவள் நான். ஈயப் பேட்டரியும் மல்டிமீட்டரும் எனக்குக் கரண்டி மாதிரி. ஒரு சனிக்கிழமை காலையில் வண்டியை எங்கள் வீட்டுக்கே தள்ளிக்கொண்டு வரச் சொல்லிவிட்டேன்.

பெடலை மிதித்தால் வண்டி நகரவில்லை. டாஷ்போர்டு விளக்கு மங்கி மங்கி எரிந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து டிக்டிக்டிக் என்று ஒரு சத்தம். "உள்ளே பல்லி இருக்கு அத்தை" என்றான் பையன். காது வைத்துக் கேட்டேன். அச்சு அசல் பல்லிச் சத்தம்தான்.

அது ரிலே, அதாவது கரண்டால் இயங்கும் சுவிட்ச். பெடலை மிதித்ததும் வண்டியைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் போர்டு ரிலேயை இழுக்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. மோட்டார் இழுத்த இழுப்பில் வோல்ட் அதலபாதாளத்துக்கு இறங்குகிறது. போர்டில் உள்ள சிப் அதைத் தாங்காமல் அணைந்து ரிலேயை விட்டுவிடுகிறது. ரிலே விட்டதும் சுமை போய்விடுகிறது, வோல்ட் மறுபடி ஏறுகிறது, சிப் விழித்துக்கொண்டு ரிலேயை மறுபடி இழுக்கிறது. நொடிக்கு நாலைந்து தடவை இதே கதை. அதனால் இந்தச் சத்தம் கேட்டால் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். போர்டு உயிரோடுதான் இருக்கிறது, அதற்குச் சாப்பாடு போதவில்லை.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் சார்ஜர் சொருகும் ஓட்டையைப் பார்த்தேன். பல வண்டிகளில் சார்ஜர் பின்னைச் சொருகியதும் மோட்டார் பக்கம் துண்டிக்கப்படும்படி அதற்குள் ஒரு சின்னத் தகடு இருக்கும். சார்ஜ் ஏறும்போது குழந்தை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக. மண்ணோ துருவோ சேர்ந்து அந்தத் தகடு ஒட்டிக்கொண்டால் வண்டி செத்த மாதிரி ஆகிவிடும். இதில் அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் பின்பக்கத்தைத் தூக்கி இரண்டு செங்கல் மேல் வைத்து, சக்கரம் தரையில் படாதபடி பெடலை அழுத்தினேன். இரண்டு சக்கரமும் சுற்றின! இறக்கி வைத்துப் பையனை உட்காரச் சொன்னால் மறுபடி பல்லி.

"பார்த்தியா, மோட்டார் நல்லா இருக்கு. பேட்டரிதான் போச்சு" என்றான் அண்ணன்.

பாதி சரி. அந்தச் செங்கல் மேல் இடது சக்கரம் வலதைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றியது. கண்ணில் பட்டது, ஆனால் நான் அதைப் பின்தொடரவில்லை. பேட்டரி பக்கம் போய்விட்டேன். அன்றைக்கே அதைப் பிடித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பேட்டரியைத் தொடுவதற்கு முன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுவது என் வழக்கம். பொம்மை வண்டிதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். 7 ஆம்ப்ஹவர் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரு உலோக வளையல் தொட்டால் நூறு ஆம்புக்கு மேல் பாய்ந்துவிடும். வளையல் சிவக்கும், கை வெந்துவிடும். பேட்டரி முனை திறந்திருக்கும்போது குழந்தையை அருகில் விடவும் கூடாது. பையனைத் திண்ணையில் உட்கார வைத்து, திருகாணி போட்டு வைக்க ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டேன்.

இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றியிருந்த பேட்டரி. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டியது. முழுதாக ஏறிய ஈயப் பேட்டரி சும்மா வைத்திருக்கும்போது 12.7, 12.8 காட்டும். அதனால் 12.6 என்பது பார்த்தால் நல்ல எண்தான். இந்த இடத்தில்தான் பலர் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று மூடி வைத்துவிட்டு போர்டை மாற்றப் போவார்கள்.

என் டூல் பையில் எப்போதும் ஒரு பைக் ஹெட்லைட் பல்பு இருக்கும். 35/35 வாட். ஹை, லோ இரண்டு இழையையும் சேர்த்து ஒயர் பற்றவைத்திருக்கிறேன். 70 வாட், அதாவது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 6 ஆம்ப் இழுக்கும். மல்டிமீட்டர் முனைகளைப் பேட்டரியில் வைத்தபடியே பல்பைத் தொடவைத்தேன். வெள்ளையாக எரிந்தது, மஞ்சளானது, பத்து எண்ணுவதற்குள் கங்கு மாதிரி சிவந்தது. மீட்டர் 12.6-லிருந்து வழுக்கி 8.1-ல் நின்றது. பல்பை எடுத்ததும் ஒன்றுமே நடக்காதது போல 12-க்கு மேல் ஏறிக்கொண்டது.

பேட்டரி போய்விட்டது. ஈயப் பேட்டரி கரண்ட் கொடுக்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் அந்தப் படிவு இறுகிக் கெட்டியாகிவிடும், பிறகு சார்ஜர் எவ்வளவு நேரம் போட்டாலும் கரையாது. சும்மா வைத்து அளந்தால் வோல்ட் இருக்கும், கரண்ட் கேட்டால் கொடுக்காது. இந்த வண்டி பேட்டரி முழுக்க இறங்கிய பிறகு மேற்குப் பார்த்த தகர ஷெட்டுக்குள் கோடை வெயிலில் ஒரு மாதத்துக்கும் மேலாக நின்றிருக்கிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடுவதற்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த அளவு பேட்டரி கிடைப்பது கஷ்டமே இல்லை. கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யூ.பி.எஸ்.ஸில் இருப்பதும் இதே 12 வோல்ட் 7 ஆம்ப்ஹவர்தான். நீளம் 151 மில்லிமீட்டர், அகலம் 65, எடை இரண்டு கிலோவுக்கு மேல். பொம்மைக் கடையில் ஸ்பேர் கேட்டு அலைய வேண்டாம், பேட்டரிக் கடைக்குப் போனால் போதும். வாங்கும்போது நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, எப்போது தயாரானது என்பது. கடை அலமாரியில் ஒரு வருடம் சார்ஜ் இல்லாமல் தூங்கிய பேட்டரியும் பெட்டியில் புதிதாகத்தான் இருக்கும். இன்னொன்று, முனையின் அகலம். இந்த பேட்டரிகள் 4.8 மில்லிமீட்டர் தகடு, 6.3 மில்லிமீட்டர் தகடு என்று இரண்டு விதமாக வரும். வண்டியின் ஒயர் நுனியில் தகட்டைக் கவ்வும் பிடி, அதாவது லக், 6.3 ஆக இருக்க, 4.8 தகடு உள்ள பேட்டரியை வாங்கி வந்தால் லக் தளர்ந்து ஆடும். ஆடுகிற இடம் சூடாகும். பழைய பேட்டரியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் என் பல்பை அங்கேயே புதுப் பேட்டரியில் வைத்துப் பார்க்க விட்டார். 12.9, பல்பு எரியும்போது 12.3, ஒரு நிமிடம் ஆகியும் அசையவில்லை. 1,050 ரூபாய். பழையதற்கு 150 கழித்துக்கொண்டார். பழைய ஈயப் பேட்டரியைக் குப்பையில் போடவே கூடாது. உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும், அது திரும்பப் போகவேண்டிய இடத்துக்குத்தான் போக வேண்டும்.

மாட்டினோம். பையன் ஏறி உட்கார்ந்தான். வண்டி கிளம்பியது, ஆனால் நடக்கிற வேகத்தில்கூட இல்லை. வாசல் தாண்டி நாலு வீடு போனதும் நின்றது, மறுபடி பல்லி. பையன் இறங்கி சீட்டைத் தட்டிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேட்டரி நன்றாக இருக்கிறது, மோட்டாருக்கு வோல்ட் போதவில்லை என்றால் இடையில் எங்கேயோ வோல்ட் காணாமல் போகிறது. பேட்டரியிலிருந்து மோட்டார் வரை ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்து எங்கே தொலைகிறது என்று பார்ப்பதுதான் வழி. வண்டி ஓடும்போது அளக்க முடியாது, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி அளந்தால் மோட்டார் கருகும். அதனால் மோட்டார் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, மோட்டார் இருக்கவேண்டிய இடத்தில் அதே ஹெட்லைட் பல்பை மாட்டினேன். அண்ணி பெடலை அழுத்திக்கொண்டாள். ஓடாத, அசையாத, ஒரே அளவாகக் கரண்ட் இழுக்கும் சுமை. நிதானமாக அளக்கலாம்.

பேட்டரி முனையில் 12.3. பல்பின் முனையில் 9.7. இடையில் 2.6 வோல்ட் காணவில்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்துவிட்டு, இன்னொரு முனையைச் சிவப்பு ஒயரில் ஒவ்வொரு இணைப்பாகத் தள்ளிக்கொண்டே போனேன். நல்ல இணைப்பைத் தாண்டும்போது மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். லக் தாண்டியதும் 0.02. சரி. சீட்டுக்கு அடியில் பேட்டரி ஒயரையும் வண்டி ஒயரையும் இணைக்கும் வெள்ளைக் கனெக்டர் தாண்டியதும் 2.2. பிடித்துவிட்டேன்.

கனெக்டரைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே வெள்ளை, உள்ளே பாசிட்டிவ் பின்னைச் சுற்றி டீக்கறை போலப் பழுப்பு. பின் கருத்துப்போயிருந்தது. அது உட்காரும் குழாய் வாய் பிளந்து அகன்றிருந்தது. முகர்ந்தால் எரிந்த பிளாஸ்டிக் வாசனை இன்னும் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் மல்டிமீட்டரை இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியுட்டியில் வைத்து இதே கனெக்டரைத் தொட்டால் மீட்டர் பீப் என்று சந்தோஷமாகக் கத்துகிறது. 2.2 வோல்ட்டை அப்போது ஓடிய 5.2 ஆம்பால் வகுத்தால் அரை ஓமுக்கும் குறைவான தடை. பீப் சத்தத்துக்கு அரை ஓம் எல்லாம் கணக்கிலேயே வராது. ஆனால் 2.2-ஐ 5.2-ஆல் பெருக்கினால் 11 வாட்டுக்கு மேல், அத்தனையும் அந்தச் சின்ன பின் மேல் சூடாகிறது. போர்டில் ஈயம் வைக்கும் என் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். வண்டி நிஜமாக ஓடும்போது கரண்ட் இரண்டு மடங்கு போகும், அப்போது சூடு நாலு மடங்கு. குழந்தை உட்காரும் சீட்டுக்கு அடியில்.

சும்மா வைத்து அளந்த பேட்டரி நல்லது என்றது. பீப் சத்தம் கனெக்டர் நல்லது என்றது. செங்கல் மேல் சுற்றிய சக்கரம் மோட்டார் நல்லது என்றது. மூன்றுமே சுமை இல்லாதபோது சொன்ன சாட்சி.

கனெக்டரைப் பார்த்த கையோடு அதற்கு முன்னால் இருந்த ஃபியூஸ் பக்கம் போனேன். லக் அருகே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி ஒரு முடிச்சு மாதிரி இருந்தது. பிரித்தேன். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் முறுக்கிய செம்புக் கம்பி.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டு மாசம் முன்னாடி வண்டி நின்னுடுச்சுன்னு ஒரு கடையில குடுத்தேன். ஃபியூஸ் போயிடுச்சு, சரி பண்ணிட்டேன்னு 200 ரூபா வாங்கினாங்க. அப்புறம் ஒரு வாரம் நல்லாத்தானே ஓடுச்சு" என்றான்.

எனக்கு வந்த கோபம் இன்னும் முழுக்க இறங்கவில்லை. ஃபியூஸ் எரிகிறது என்றால் எங்கேயோ கரண்ட் அளவுக்கு மேல் போகிறது என்று அர்த்தம். எங்கே என்று தேடாமல் கம்பியைச் சுற்றிவிட்டால் அடுத்ததாக எது பலவீனமோ அது எரியும். இங்கே எரிந்தது கனெக்டர். ஒயரே எரிந்திருக்கலாம். 1998 அக்டோபரில் அமெரிக்காவில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனத்தின் பவர் வீல்ஸ் என்ற இதே மாதிரிக் குழந்தை வண்டிகள் ஒரு கோடி வரை திரும்பப் பெறப்பட்டன. மின்பாகங்கள் சூடேறித் தீப்பிடிக்கக் கூடும் என்பதுதான் காரணம். நம் ஊரில் மின்சாரப் பொம்மைகளுக்கு ஐ.எஸ். 15644 என்ற இந்தியத் தரம் 2021 ஜனவரி முதல் கட்டாயம். ஆனால் எந்தத் தரமும் வண்டி தொழிற்சாலையை விட்டு வரும்போதுதான் காப்பாற்றும். கடையில் ஒருவர் ஃபியூஸை எடுத்துவிட்டுக் கம்பி போட்டால் அதோடு முடிந்தது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு வண்டி வெளியே ரிப்பேருக்குப் போய் வந்திருந்தால், சீட்டைத் திறந்து ஃபியூஸ் இருக்கிறதா என்று மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

அடுத்த சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம், அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வெள்ளைக் கனெக்டரை அதே மாதிரி மாற்ற எனக்கு மனமில்லை. டிரோன் பேட்டரிகளில் வரும் மஞ்சள் நிற எக்ஸ்.டி. 60 கனெக்டர் ஒரு ஜோடி வாங்கினேன். இந்த வண்டி இழுக்கும் கரண்டை அது சுலபமாகத் தாங்கும். பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, 15 ஆம்ப் ஃபியூஸ் ஐந்து, 1.5 ஸ்கொயர் ஒயர் ஒரு மீட்டர், சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். எல்லாம் சேர்த்து 260 ரூபாய். 15 ஆம்ப் என்பது என் ஊகம் இல்லை, பழைய ஹோல்டரிலேயே அச்சாகியிருந்தது. பிளேடு ஃபியூஸில் நிறமே அளவைச் சொல்லும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20.

எக்ஸ்.டி. 60 பற்றவைப்பதற்கு 25 வாட் அயர்ன் போதாது. பின் கனமான பித்தளை, சூட்டை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் மேலே உருண்டையாக நிற்குமே தவிர ஒட்டாது. 60 வாட் அயர்னை எடுத்தேன். ஆனால் அந்தச் சூட்டில் மஞ்சள் பிளாஸ்டிக் இளகி பின் கோணிக்கொள்ளும். அதற்கு ஒரு வழி உண்டு: ஜோடியின் மறுபாதியைச் சொருகி வைத்துக்கொண்டே பற்றவைக்க வேண்டும். அது பின்னை நேராகப் பிடித்துக்கொள்ளும், சூட்டையும் பகிர்ந்துகொள்ளும். முதலில் பின்னின் கிண்ணத்தில் ஈயம் நிரப்பி, ஒயர் முனையிலும் ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து அயர்னை வைத்தேன். ஈயம் பளிச்சென்று ஒயருக்குள் இறங்குவது தெரிந்தது. அப்போது எடுத்துவிட வேண்டும், ஆறும்வரை கை அசையக் கூடாது. ஸ்லீவை முதலிலேயே ஒயரில் கோத்துவிடுங்கள். பேட்டரி பக்கம் பெண் கனெக்டர் வரவேண்டும். அப்போதுதான் கழற்றிய நிலையில் கரண்ட் உள்ள முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஃபியூஸ் ஹோல்டரைப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து நாலு விரல் தூரத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு எந்த ஒயர் எங்கே உரசினாலும் ஃபியூஸ் பார்த்துக்கொள்ளும்.

பல்பை மாட்டி மறுபடி அளந்தேன். புதுக் கனெக்டர் தாண்டியதும் 0.03. பல்பின் முனையில் 11.9.

ரிமோட்டை மறுபடி ஜோடி சேர்க்க வேண்டியிருந்தது. விளக்கு மின்னும்வரை பட்டனை அழுத்திப் பிடித்தால் அது தானே சேர்ந்துகொண்டது. மோட்டார்களை மாட்டினேன், பையன் ஏறினான். இந்தத் தடவை வண்டி நிஜமாகவே ஓடியது! தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தான். பத்து நிமிடம் ஆகியிருக்கும், வாசல் சரிவில் ஏறும்போது சட்டென்று எல்லாம் அணைந்தது. விளக்கு, பாட்டு எதுவும் இல்லை. புது நீல ஃபியூஸ் எரிந்திருந்தது.

"20 போட்டுடலாமே" என்றான் அண்ணன்.

"இல்லண்ணா. இதைத்தான் அந்தக் கடையிலயும் பண்ணினாங்க. இது எரிஞ்சது நல்லது. இப்போதான் நிஜமான கோளாறு பக்கம் வந்திருக்கோம்" என்றேன்.

திங்கட்கிழமை என்னுடன் வேலை பார்த்த ஒரு தோழியிடமிருந்து டி.சி. கிளாம்ப் மீட்டர் இரவல் வாங்கி வந்தேன். ஒயரை வெட்டாமல், வாயைத் திறந்து ஒயரைச் சுற்றி மூடினால் கரண்டைக் காட்டும். ஏ.சி. மட்டும் அளக்கும் சாதாரண கிளாம்ப் இதற்கு உதவாது. அளப்பதற்கு முன் ஒயர் இல்லாமல் ஜீரோ பட்டனை அழுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சும்மாவே ஒரு ஆம்ப் காட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் ஒயரில் மாட்டி, அதிகபட்சத்தைப் பிடித்து வைக்கும்படி அமைத்து, பையனைத் தெருவில் ஒரு நடை ஓட்டச் சொன்னேன். வலது மோட்டார் சமதரையில் 3.4 ஆம்ப். இடது மோட்டார் 9.2.

முதல் நாள் செங்கல் மேல் மெதுவாகச் சுற்றிய அதே இடது சக்கரம்.

கையால் சுற்றிப் பார்த்தேன். இரண்டு சக்கரமுமே இறுக்கமாக இருந்தன. கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு அப்புறம்தான் உறைத்தது. மோட்டாரைக் கையால் சுற்றினால் அது ஜெனரேட்டர். இந்த வண்டியில் பெடலிலிருந்து காலை எடுத்ததும் ரிலே மோட்டாரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. உண்டாகிற கரண்ட் தனக்குள்ளேயே சுற்றி, சுற்றுவதை எதிர்க்கும். குழந்தை காலை எடுத்ததும் வண்டி பிரேக் போட்ட மாதிரி நிற்பது அதனால்தான்.  ஆகவே சக்கரத்தைக் கையால் சோதிப்பதற்கு முன் மோட்டார் கனெக்டர் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். கழற்றினேன். வலது சக்கரம் கியரின் கரகரப்போடு சுலபமாகச் சுற்றியது. இடது, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது.

சக்கரத்தின் நடுவில் உள்ள மூடியை நெம்பி, நட்டைக் கழற்றி, வாஷரை எடுத்துவிட்டுச் சக்கரத்தை இழுத்தேன். பாதி வந்து நின்றது. இன்னும் இழுத்தேன். உள்ளே, சக்கரத்துக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே, அச்சைச் சுற்றி நீல நிறத்தில் ஏதோ வளையம். பிளாஸ்டிக் சுத்தலிக் கயிறு. அடுக்கடுக்காக இறுகி, உரசிய சூட்டில் உருகி, ஒரே கட்டியாகி, அச்சில் பூண் போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. நடுவில் தலைமுடியும் மணலும்.

பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது என்ன தெரியுமா?"

"அது தண்ணி கேன் கயிறு" என்றான் உடனே.

தண்ணி கேன் போடுகிற அண்ணன் மாதிரி விளையாடுவானாம். காலியான 20 லிட்டர் கேனை வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவானாம். ரிவர்ஸ் எடுக்கும்போது கயிறு தளர்ந்து சக்கரத்துக்கு அடியில் போயிருக்கிறது, முன்னால் கிளம்பும்போது அச்சு அதைச் சுருட்டிக்கொண்டது. அண்ணி அறுந்த கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டாள், உள்ளே சுருண்டது யாருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து எல்லாம் கோவையாகப் புரிந்தது. கயிறு அச்சைப் பிடித்தது, இடது மோட்டார் மூன்று மடங்கு கரண்ட் இழுத்தது, ஃபியூஸ் எரிந்தது. ஃபியூஸுக்குப் பதில் கம்பி வந்தது, கனெக்டர் கருகியது. கனெக்டரில் வோல்ட் தொலைந்து வண்டி மெதுவாகப் போக, பையன் பெடலை விடாமல் மிதித்துப் பேட்டரியை ஒட்ட ஒட்ட இறக்கினான். இறங்கிய பேட்டரியோடு வண்டி ஷெட்டுக்குள் போனது. நான் கடைசியில் நடந்ததிலிருந்து தொடங்கி, முதலில் நடந்த இடத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

பிளேடால் கயிற்றைக் கீறிக் கீறி எடுக்க அரை மணி நேரம். அச்சில் ஒட்டியிருந்த உருகலை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். கியர் பெட்டியையும் திறந்துவிட்டேன், இவ்வளவு நாள் இழுத்த மோட்டாரின் பல் என்ன ஆகியிருக்கிறதோ என்று பயம். இந்தப் பெட்டிகளில் முதலில் போவது மோட்டாரின் உலோகப் பல்லோடு சேரும் முதல் நைலான் சக்கரம். வேகமாகச் சுற்றுவது அதுதான், சூடும் அதற்குத்தான் முதலில் போகும். பற்கள் பளபளவென்று தேய்ந்திருந்தன, ஆனால் ஒன்றுகூட உடையவில்லை. கிரீஸ் எல்லாம் மூலைக்கு ஒதுங்கி மணலோடு களிமண்ணாகியிருந்தது. துணியால் வழித்து, சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் பற்களில் மட்டும் தடவினேன். பெட்டி நிறைய அடைக்க வேண்டாம். மோட்டாரைத் தனியாக ஓடவிட்டு அளந்தேன். இடது 1.1 ஆம்ப், வலது 1.0. மோட்டார் பிழைத்துக்கொண்டது.

எல்லாவற்றையும் மாட்டி, புது நீல ஃபியூஸ் போட்டு, அதே தெருவில் அதே நடை. வலது 3.3, இடது 3.6. வாசல் சரிவில் இரண்டும் சேர்ந்து 10-ஐத் தொடவில்லை. அரை மணி நேரம் ஓட்டிய பிறகு மஞ்சள் கனெக்டரை விரலால் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

சார்ஜ் விஷயத்தை அண்ணியிடம் ஒப்படைத்தேன். ஓட்டிய அன்றைக்கே சார்ஜ் போட வேண்டும், தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. வண்டியோடு வந்த 1 ஆம்ப் சார்ஜர் தானாக நிற்காது. முழுக்க இறங்கிய 7 ஆம்ப்ஹவர் பேட்டரிக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம். இரவு போட்டால் காலையில் பால் காய்ச்ச எழுந்திருக்கும்போது கழற்றிவிடலாம். பரீட்சை, ஊருக்குப் போவது என்று வண்டி சும்மா நிற்கும் காலத்தில் மாதம் ஒரு தடவை. வண்டி இப்போது தகர ஷெட்டில் இல்லை, மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது.

தண்ணி கேன் விளையாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு அடி நீள பி.வி.சி. குழாய்க்குள் கயிற்றை விட்டு இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டுப் பின் பம்பரில் கட்டினேன். குழாய் விறைப்பாக நிற்பதால் ரிவர்ஸ் எடுத்தாலும் கயிறு தொங்காது, சக்கரம் வரை எட்டவும் எட்டாது. கேனோடு அளந்ததில் மொத்தம் 7.8 ஆம்ப்.

நேற்று சாயங்காலம் எங்கள் வாசலில் ஹார்ன் அடித்தது. அம்மா எழுந்து போனாள். "பாட்டி, தண்ணி கேன் வந்திருக்கு. பழைய கேன் குடுங்க" என்றான்.